தாய்மாமன் சொன்ன பதில்

கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அணு மின்சாரத்துக்கு என்னை விட்டால் வேறு வக்கீல் கிடையாது. கும்மிடிப்பூண்டியில் பதினெட்டு வருஷமாக எலக்ட்ரீஷியன் நான். "கரியை எரிச்சி எரிச்சித்தான்யா இந்த வெயிலு. பொகையில்லாத கரண்ட்டு வோணும்னா அணு உலைதான்" என்பேன். "வெடிச்சா நீ வந்து அள்ளுவியா?" என்று கேட்டவனிடம் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். வாய்க்கொழுப்புக்கு எனக்குக் குறைச்சலே இல்லை.

அக்கா மகளுக்கு ஒரு வரன் வந்தது. தெற்கே கடலோரத்து அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. எங்கள் வீடுகளில் தாய்மாமன் தலையாட்டாமல் தட்டு மாற்றமாட்டார்கள். அக்கா என்னைக் கேட்டாள்: "அங்க வேலை செய்றவனுக்குப் பொறக்கற கொழந்த நல்லா இருக்குமாடா? நீதான் படிச்சவன், சொல்லு."

பதில் எனக்குத் தெரியும். டீக்கடையில் ஆயிரம் தடவை சொன்னதுதான். ஆனால் நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என் தலைதானே உருளும்? "எதுக்குக்கா வம்பு? வேற எடம் பாக்கலாம்" என்றேன். பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு மாப்பிள்ளையை நானேதான் தேடிப் பிடித்தேன். எங்கள் தொழிற்பேட்டையிலேயே பழைய இரும்பு உருக்கும் கம்பெனியில், உலை முன்னால் நிற்கிற வேலை. தங்கமான பையன். கண்ணெதிரே இருப்பான், பயமில்லை என்று அக்காவிடம் சொன்னேன். கல்யாணமும் முடிந்தது.

போன கத்திரி வெயிலில் அவன் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே சரிந்து விழுந்தான். உடம்பு அனலாய்க் கொதித்ததாம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான். சூடு மூளையைப் பாதித்துவிட்டது என்றார் டாக்டர். இப்போது சட்டைப் பொத்தானைக்கூட அக்கா மகள்தான் போட்டுவிட வேண்டும்.

போன வாரம் நான் போனபோது அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். "நான் பாவிம்மா. அந்த அணு உலை வேலையில பயமில்லன்னு அன்னிக்கே எனுக்குத் தெரியும். உங்கம்மாகிட்ட சொல்ல வாய் வரல."

அவள் துணியால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"தெரியுமா மாமா?" என்றாள். "உனுக்கும் தெரியாதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். அதனாலதான் இத்தினி நாளா உம்மேல கோவமே வரல."