பள்ளிவாசல் மைக் சொல்லும்வரை

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்காரர் காலைக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் கொள்ளிடக் கரை ஒருமுறை உடைந்துவிடும், வெண்டைக்காய்த் தண்ணீரில் சர்க்கரை நோய் பறந்துவிடும். எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். "யார் சொன்னா?" என்று கேட்டால் "குரூப்ல வந்திருக்கு" என்பார். அந்த எரிச்சலோடு பஸ் ஏறித் தென்னூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போவேன். எந்தத் தகவலை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தபோது, வீட்டில் காட்ட முடியாத கடுப்பையெல்லாம் அங்கே காட்டித் தீர்த்தேன்.

கரும்பலகையில் கேள்விகளை எழுதிப்போட்டேன். சொல்பவர் நேரில் பார்த்தாரா? எப்போது பார்த்தார்? வேறு யார் பார்த்தார்கள்? பிறகு, உங்களுக்குத் தெரிந்ததிலேயே ரொம்ப நம்பகமானது எது என்று கேட்டேன். டிவி என்றார்கள், பேப்பர் என்றார்கள். ஒருத்தி எழுந்து, "எங்க தெருப் பள்ளிவாசல் மைக், மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது.

அவள் அசரவில்லை. "சிரிக்காதீங்கடி. யாராவது மவுத்தாயிட்டா மைக்ல சொல்லுவாங்கள்ல, அந்த வீட்டு ஆளு நேர்ல வந்து சொன்னாத்தான் பாங்கு சொல்ற எங்க மோதினார் அறிவிப்பாரு. பக்கத்து வீட்டுக்காரங்க போய்ச் சொன்னாக்கூட முடியாதுன்னுடுவாரு." உயிரோடிருந்த ஒருவரை முன்பு எப்போதோ மைக்கில் சாகடித்துவிட்டார்களாம். அந்தச் சங்கடத்துக்குப் பிறகு வந்த வழக்கமாம் இது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தேன்.

அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா வளைகுடா நாட்டில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இங்கே வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அவள் அத்தா விபத்தில் இறந்துவிட்டதாகத் தெரு குரூப்பில் வந்திருக்கிறது என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். சாயங்காலம் அவள் வீட்டைத் தேடிப் போனேன். எத்தனையோ பொய்ச் செய்திகளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பெருமாளே, இது ஒன்று பொய்யாக இருக்கட்டும் என்று அன்றைக்கு வழியெல்லாம் வேண்டிக்கொண்டு நடந்தேன்.

வாசல் நிறையச் செருப்பு. உள்ளே அம்மா சுவரில் சாய்ந்து கிடந்தார், சுற்றிலும் பெண்கள். என்னைப் பார்த்ததும் அவள் ஓடிவந்து போனை நீட்டினாள்.

"இந்தப் படத்தைப் பாருங்க மிஸ். நான் தேடிப் பார்த்துட்டேன். வேற ஏதோ நாட்டுல எப்பவோ கவுந்த வண்டி. எல்லாம் பொய்யி. அத்தா போன் ஆஃப்ல இருக்கு, அவ்வளவுதான்."

நானும் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

"படம் பொய்தாம்மா. ஆனா செய்தியும் பொய்யான்னு அத வச்சுச் சொல்ல முடியாது" என்றேன். சொல்லும்போது எனக்கு என் வேலையே பிடிக்காமல் போயிற்று.

"பள்ளிவாசல்ல சொல்லலையே மிஸ்!" என்றாள்.

வீட்டு ஆள் போய்ச் சொன்னால்தான் மைக் சொல்லும், மைக் சொன்னால்தான் இவள் நம்புவாள். அதை எந்த வாயால் எடுத்துச் சொல்வது? அப்போது போன் அடித்தது. அங்கே அவள் அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். ஸ்பீக்கரில் போட்டாள். அவர் எடுத்த எடுப்பிலேயே அழுதார். அவள் விடவில்லை.

"மாமா, நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேம்மா."

"எப்பப் பார்த்தீங்க?"

"இப்பத்தாம்மா. ஆஸ்பத்திரியில காட்டுனாங்க."

"வேற யாரு பார்த்தாங்க?"

"ரூம்ல இருக்கிற எல்லாரும் பார்த்தோம்மா. நீ எடுத்துக் குடுத்த நீலச் சட்டைதாம்மா போட்டிருந்தாரு."

எல்லாம் என் கேள்விகள். நான் எழுதிப்போட்ட அதே வரிசை. காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது எனக்கு. அம்மாவின் அலறல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் அழவில்லை. போனை வைத்தாள், துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "அம்மாவால முடியாது. நாந்தான் போய்ச் சொல்லணும். கூட வர்றீங்களா மிஸ்?"

பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே நின்று மோதினாரைக் கூப்பிட்டாள். அவருக்கும் விஷயம் காதில் விழுந்திருக்க வேண்டும், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் வழக்கத்தை விடாமல், மெதுவாகக் கேட்டார்.

"யாரும்மா சொல்றது?"

"நாந்தான் சொல்றேன். மக."

"நிச்சயந்தானேம்மா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று பார்த்த பார்வை அது. என்னால் தலையைக் குனியத்தான் முடிந்தது.

"நிச்சயந்தான்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். டீக்கடையைத் தாண்டுவதற்குள் பின்னால் மைக் கரகரத்தது. தெருவின் பெயரைச் சொன்னார்கள், அவள் அத்தாவின் பெயரைச் சொன்னார்கள். நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள்.

"சொல்லிட்டாங்க மிஸ்" என்றாள். "அப்ப நெஜந்தான்."

அதன் பிறகுதான் அழுதாள்.