நெஞ்சளவு தண்ணீர்

லிஃப்ட்காரர் என்றால் கால்வாயோரத்து இரண்டு ஊரிலும் அவர் ஒருவர்தான். அடுக்குமாடிகளில் லிஃப்ட் நடுவழியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டால் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்பார். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு அமைதியாகிவிடுவார்கள். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தால் விடமாட்டார்கள்.

ஊராரைத் தூக்கிவிட்டே பழகிய மனிதருக்கு ஒரு வீம்பும் வந்து சேர்ந்திருந்தது. தன்னை ஒருவர் தூக்கிவிடக் கூடாது. காய்ச்சலில் கிடந்தாலும் தண்ணீரைத் தானே எழுந்துபோய் எடுப்பார். "உங்களுக்கு ஒரு உதவி செய்யணும்னா உங்ககிட்டயே சிபாரிசு பிடிக்கணும்" என்று மனைவி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த ஊரிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போவார். பஸ் இருக்கிறது. ஆனாலும் கால்வாய்க்கரையோடு நடந்துதான் போவார். முன்னொரு காலத்தில் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்துப்போன பாதை அது. இப்போது குதிரையும் இல்லை, சரக்கும் இல்லை. ஒரு பக்கம் வீடுகளின் கொல்லைப்புறம்: காயும் துணிகள், துருப்பிடித்த சைக்கிள், யாரோ தூக்கிப்போட்ட நாற்காலி. மறுபக்கம் தேநீர் நிறத்தில் தண்ணீர். அதில் வாத்துகள் நீந்தும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று எப்போதும் தலைகுப்புறக் கிடக்கும். பாலங்களுக்கு அடியில் பாதை ஒடுங்கிவிடும். அங்கே சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு எமன் மாதிரி வருவார்கள்.

மகளின் மாமியாரும் அந்தப் பாதையில் நடப்பவர். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, மகன் வீட்டில் இருக்கிறார். காலையிலிருந்து பேத்தியைப் பார்த்துக்கொள்வது, சமையல், துணி மடிப்பது. மருமகள் வேலையிலிருந்து திரும்பியதும் காலில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பேச்சுத் துணைக்கு யாரையும் கூப்பிட மாட்டார். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த மாலை நடை ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் ஊர் திரும்பப் புறப்பட்டபோது சம்பந்தியம்மாவும் நடக்கக் கிளம்பினார். இரண்டாவது பாலத்தருகே பின்னாலிருந்து மணிச் சத்தம் கேட்டது. நம்மவருக்குத்தான் காப்பாற்றும் கை சும்மா இருக்காதே! "நீங்க சுவர் பக்கமா வாங்க சம்பந்தியம்மா" என்று அவருக்கு அரணாக இரு கைகளையும் விரித்து, கம்பீரமாக ஓர் அடி பின்னால் வைத்தார். பின்னால் கால்வாய் இருந்தது.

விழுந்தவருக்கு நீச்சல் தெரியாது. கையைக் காலை அடித்தார், குடித்தார், கத்தினார். "ஐயோ, செத்தேன்!" என்று அவர் அலறியது அவருக்கே கேட்டது. கரையிலிருந்து சம்பந்தியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்: "நில்லுங்க சம்பந்தி! காலை ஊனி நில்லுங்க!" காதில் விழுந்தால்தானே? கடைசியில் அந்த அம்மா பாலத்தருகே இருந்த படிக்கட்டில் இறங்கி, இடுப்புவரை நனைந்து, சட்டைக் காலரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். அவர் நின்றார். தண்ணீர் நெஞ்சளவுதான் இருந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் செத்தேன் என்று கத்தியவனுக்கு என்ன சொல்வது?

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தபோது இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்குச் சேலையெல்லாம் ஈரம், உடம்பெல்லாம் நடுக்கம். லிஃப்ட்காரர் தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட. கூட்டம் தானே கணக்குப் போட்டுக்கொண்டது. "அந்தம்மா விழுந்துட்டாங்களாம், இவர் குதிச்சுக் காப்பாத்திட்டாராம்." செய்தி கேட்டு மருமகன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். "மாமா, எங்கம்மா உயிரை எனக்குத் திருப்பிக் கொடுத்துட்டீங்க மாமா."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. சம்பந்தியம்மா அவரைப் பார்த்தார். மீசையில் பாசி ஒட்டிக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, குழந்தை மாதிரி இருந்த மனிதரிடம் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மீசையில் ஒட்டியதை அடுத்தவர் துடைத்துவிட்டது அன்றைக்குத்தான்.

கம்பெனியில் அவர் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். "லிஃப்ட்ல மாட்டினாலும் சரி, தண்ணியில மாட்டினாலும் சரி, நம்மாளைக் கூப்பிடுங்க" என்று மேலாளர் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்த வாரம் ஒரு கட்டடத்தில் கதவிடுக்கில் வாயை வைத்து "பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தவருக்குத் தன் அலறலே திரும்பக் கேட்டது. மிச்சத்தைச் சொல்ல நா எழவில்லை.

இதெல்லாம்கூட அவரோடு போயிருக்கும். அடுத்த ஞாயிறு மகள் வீட்டில்தான் விஷயம் முற்றியிருந்தது தெரிந்தது. சம்பந்தியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தையை இனிமே தனியா வெளிய விடறதில்லப்பா" என்றாள் மகள். "வயசாயிடுச்சு, தலை சுத்துது போல. அவர் கண்டிப்பா சொல்லிட்டார்."

"எனக்குத் தலையெல்லாம் சுத்தலம்மா" என்றார் சம்பந்தியம்மா.

"அப்போ எப்படி விழுந்தீங்க?" என்றான் மருமகன். கேட்டது அன்போடுதான். அந்த அம்மா லிஃப்ட்காரரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கொடுத்த பொருளை நீயே திருப்பித் தா என்கிற பார்வை. அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளிலும் போனார், டீ குடித்தார், பேத்தியோடு விளையாடினார், சொல்லாமலே திரும்பினார். பாதி வழியில் அந்தப் படிக்கட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன் மானத்தைக் காப்பாற்றிய ஒருத்தியை வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காத தன்னைக் காறித் துப்பலாம் போலிருந்தது.

ஒரு ஞாயிறு, சம்பந்தியம்மாவின் ஷூவைப் பேத்தி பொம்மைக்குப் படுக்கையாக்கி விளையாடுவதைப் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. இனி அது எதற்கு என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அவருக்கு உடம்பு கூசிவிட்டது.

"மாப்பிள்ளை, அன்னைக்கு விழுந்தது உங்கம்மா இல்ல. நான்தான். அவங்கதான் என்னைத் தூக்கினாங்க" என்றார்.

மருமகன் சிரித்தான். "அம்மா உங்ககிட்ட சிபாரிசுக்கு வந்தாங்களா மாமா? அவங்களுக்காக இப்படி உங்க பேரையே விட்டுக்கொடுக்கறீங்களே. உங்க மனசு யாருக்கு வரும்?"

மகளும் கண் கலங்கி, "அப்பா எப்பவுமே இப்படித்தான்" என்றாள்.

உண்மையைச் சொன்னால் இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டார்களே என்று அவருக்கு வியர்த்தது. பாதி உண்மை போதாது என்று புரிந்தது. மகள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி என் நெஞ்சளவுதான் இருந்துச்சு. இதோ, இவ்வளவுதான். நின்னிருந்தா முடிஞ்சிருக்கும். 'நில்லுங்க, நில்லுங்க'ன்னு அவங்க கத்தினாங்க. நான் 'ஐயோ செத்தேன்'னு அழுதேன். நிஜமாவே அழுதேன் மாப்பிள்ளை. காலரைப் பிடிச்சு நிக்க வெச்சாங்க. அப்புறம் நீங்க வந்தீங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்."

இப்படி ஒன்றை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? மருமகனின் முகம் முதலில் விழுந்தது. பிறகு சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்காமல் சமையலறைக்குள் ஓடினான். மகள் சிரிக்கவில்லை. "இத்தனை நாளாவாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அந்தச் சிரிப்பைவிட இதுதான் அவரைச் சுட்டது.

சம்பந்தியம்மா எழுந்தார். பேத்தியிடமிருந்து ஷூவை வாங்கி, பொம்மையைப் பத்திரமாகக் கீழே கிடத்தி, நாடாவை இறுக்கிக் கட்டினார். லிஃப்ட்காரர் அவசரமாக எழுந்து, "இருங்க சம்பந்தியம்மா, இருட்டப் போகுது. துணைக்கு நானும் வரேன்" என்றார்.

"வேணாம் சம்பந்தி" என்றார் அந்த அம்மா, கதவைத் திறந்துகொண்டே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க என்னைக் காப்பாத்தினது போதும்."