மாப்பிள்ளை படம் என்று வந்த கோப்பு

1. சீட் பெல்ட் போட்ட பெட்டி

சரோஜா அக்கா கடைக்கு வந்த அன்று காலை, கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி, காடியின் முன் சீட்டில் உட்கார வைத்து, சீட் பெல்ட்டும் போட்டிருந்தார். நான் போய்க் கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ரீத்தா, இது இன்னும் அனுப்பிக்கிட்டு இருக்குமா?"

"எதைக்கா?"

"உள்ள இருக்கறத எல்லாம்."

கரண்ட் இல்லாத பெட்டி எதையும் அனுப்பாது என்றேன். அதற்குப் பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற விட்டார்.

அப்போது நான் மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி செல்வம் அண்ணன். சரோஜா அக்கா பாக்கார் ஆராங்கில் வீட்டிலிருந்தே வரன் பார்ப்பவர். பாலிங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து டவுன் வரைக்கும் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீடுகளில் பாதி அவருக்குத் தெரியும். என் தங்கைக்கும் அவர்தான் பார்த்தார். நாங்கள் கத்தோலிக்கர்கள் என்பதால் ஜாதகத்துக்குப் பதில் ஞானஸ்நானச் சான்று வாங்கி வைத்துக்கொண்டார்.

முந்தின நாள் மாலை அவர் வீட்டில் கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், கிரிப்டோவில் பணம் கட்டினால் சாவி தருவோம், கட்டாவிட்டால் இருப்பதையெல்லாம் இணையத்தில் போட்டுவிடுவோம் என்று ஆங்கிலத்திலும் தப்பும் தவறுமான மலாயிலும் எழுதியிருந்தது. அக்கா அதை போனில் படம் பிடித்து வைத்திருந்தார்.

செல்வம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ரேன்சம்வேர்லாம் வந்தா போனது போனதுதான். ஃபார்மெட் போட்டு விண்டோஸ் ஏத்திக் குடுத்துடு லா. அக்கா, மனச தேத்திக்குங்க."

"ஃபைல் போனா போகட்டும் தம்பி," என்றார் அக்கா. "யார் எந்த ராசி, யாருக்கு என்ன படிப்புன்னு எனக்கு மனப்பாடம். வெளிய போட்டுட்டான்னா? யாருக்கு முதல் கல்யாணம் முறிஞ்சிச்சு, யாருக்கு வலிப்பு இருக்கு, எந்த வீட்ல அப்பாவோட பேச்சுவார்த்தை இல்லன்னு எல்லாம் எழுதி வச்சிருக்கேனே."

எனக்கு அந்த இடத்தில் ஒரு சின்ன சந்தேகம் வந்தது. போனில் இருந்த படத்தை மறுபடி படித்தேன். பணம், சாவி, மிரட்டல் எல்லாம் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பது ஜாதகமா, கடைக் கணக்கா, பள்ளிப் பாடமா என்று எழுதினவனுக்குத் தெரிந்த மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லை.

"அண்ணே, ஃபார்மெட் இப்ப வேணாம். பாத்துட்டுப் போடறேன்."

"உன் இஷ்டம். ஆனா நம்ம நெட்வொர்க்ல சொருகிடாத."

2. பூட்டு எங்கே?

இந்த வேலையில் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, நெட் இணைப்பே இல்லாத ஒரு மெஷினில் மாட்டி, முழுசாக நகல் எடுத்தேன். அசலை ஓரமாக வைத்துவிட்டு நகலில்தான் கை வைத்தேன். நகல் கெட்டால் இன்னொன்று எடுக்கலாம்.

எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறியிருந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'பூட்டியது' என்று பொருள்படும் ஒரு வால். அக்கா சொடுக்கிப் பார்த்திருக்கிறார், ஒன்றும் திறக்கவில்லை. வாலைப் பார்த்தால் விண்டோஸுக்கு அது படமா பாட்டா என்று புரியாது, அதனால் திறக்காது. ஆனால் நிஜமாகவே பூட்டினால் பெயர் மட்டும் மாறாது, உள்ளே இருப்பதும் தலைகீழாகிவிடும். படக் கோப்பு ஒவ்வொன்றின் ஆரம்பத்திலும் 'நான் படம்' என்று சொல்கிற சில எழுத்துகள் இருக்கும். நிஜப் பூட்டு அதையும் சேர்த்துத்தான் கலைத்துப் போடும்.

ஒரு கோப்பை உள்ளே திறந்து பார்த்தேன். அந்த எழுத்துகள் அப்படியே உட்கார்ந்திருந்தன.

அக்கா என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்த ஒரு கோப்பின் வாலை மட்டும் அழித்துவிட்டுச் சொடுக்கினேன். நீலப் புடவையில் ஒரு பெண், கோயில் வாசலில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, நம்ம தாரணி!" என்று அக்கா கத்தியதில் முன்னால் இருந்த வாடிக்கையாளர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

செல்வம் அண்ணன் ஓடி வந்தார். "எப்படி திறந்த? சாவி கெடச்சிச்சா?"

"சாவியே கிடையாதுண்ணே. பூட்டும் கிடையாது. கதவுல பூட்டு படம் வரைஞ்சிட்டுப் போயிருக்கான்."

பேர் மாற்றுகிற வேலையை மொத்தமாக ஓட விட்டேன். எல்லாம் திரும்பி வந்தது. செல்வம் அண்ணனுக்கு அதோடு வேலை முடிந்தது. எனக்கு முடியவில்லை, இவன் எந்த வழியாக உள்ளே வந்தான் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

டவுன்லோட்ஸில் 'மாப்பிள்ளை படம்' என்று ஒரு கோப்பு, பக்கத்தில் படத்துக்குரிய சின்ன அடையாளத்தோடு இருந்தது. கோப்புகளின் முழுப் பெயரையும் காட்டு என்று விண்டோஸில் ஒரு செட்டிங் உண்டு, பல வீடுகளில் அது அணைந்தே கிடக்கும். அதைப் போட்டேன். மாப்பிள்ளை படத்தின் கடைசியில் .exe என்று தெரிந்தது. அது படம் இல்லை, ஓடுகிற புரோகிராம்.

"இது எப்பக்கா வந்துச்சு?"

"ஒரு மெயில் வந்துச்சுமா. பையன் பினாங்குல எஞ்சினியர், படம் வச்சிருக்கோம், பாருங்கன்னு. திறந்தேன், மூஞ்சே வரல. லைன் ஸ்லோன்னு நெனச்சு திரும்பத் திரும்பத் தட்டினேன்." திரையில் அந்தப் பெயரை விரலால் குத்திக் காட்டினார். "நல்ல சம்பளம்னு போட்டிருந்தான் பாவி."

3. சத்தியம் பண்ண முடியாத கேள்வி

அக்கா காடியில் வைத்துக் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பாதிப் பதில்தான்: இனி அனுப்பாது, ஆனால் ஏற்கனவே அனுப்பியிருக்குமா? நகல் டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டி, நெட் இல்லாமல் ஆன் செய்தேன். சிவப்புத் திரை வந்தது. டாஸ்க் மேனேஜரில் அந்த புரோகிராமை நிறுத்தியதும் போய்விட்டது. எந்த புரோகிராம் எவ்வளவு டேட்டா செலவு செய்தது என்று விண்டோஸ் ஒரு பக்கத்தில் காட்டும். மாப்பிள்ளையின் பெயருக்கு நேரே இருந்த அளவு, ஒரு நல்ல போட்டோ அனுப்பக்கூடப் போதாது.

"அப்ப ஒன்னும் போகலதானே?"

"போயிருக்காதுன்னுதான் தோணுதுக்கா. ஆனா வேற பேர்ல ஒளிஞ்சு அனுப்பியிருந்தா எனக்குத் தெரியாது. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

செல்வம் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "போகலன்னு வச்சிக்கலாம்கா. நீங்களே போய் சொன்னா, நாளைக்கு யாரு உங்களை நம்பி ஜாதகம் குடுப்பா?"

அக்கா வெளியே போய் ஐந்தடியில், கடை வாசல் நடைபாதையில், நின்றார். அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்து, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, போனை எடுத்தார். முதல் அழைப்பு பாலிங்குக்கு, தாரணியின் அப்பாவுக்கு. அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"உன்னை நம்பித்தானே எல்லாத்தையும் சொன்னேன்!"

"ஆமாண்ணே. அதனாலதான் மத்தவங்க சொல்றதுக்கு முன்னால நானே சொல்றேன். வெளிய போயிருக்காதுன்னு இங்க சொல்றாங்க. ஆனா நிச்சயமா தெரியாது."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. அக்கா ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஆன்ட்டி, தாரணி பேசறேன். என் முதல் கல்யாணம்தானே அதுல இருக்கு? வந்தா வரட்டும். அதை மறைக்கச் சொன்னது அப்பா, நான் இல்ல. இனிமே என் பயோடேட்டாவுல அதை முதல் வரியிலயே போடுங்க. தெரிஞ்சிக்கிட்டு வர்றவங்க வரட்டும்."

அக்கா பெட்டியைச் சுற்றிக் கொண்டுவந்த துண்டை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டு, "சரிமா" என்றார். பிறகு அடுத்த எண்ணைத் தேடினார். மதியம் முழுக்க அழைத்துக்கொண்டே இருந்தார். சிலர் திட்டினார்கள். ஒரு குடும்பம் அன்றோடு விலகிக்கொண்டது. நிறைய பேர், "எங்களுக்கும் அந்த மாதிரி மெயில் வரும், திறக்க மாட்டோம்" என்றார்கள். எனக்குத் தெரிந்தவரை, இன்று வரைக்கும் எதுவும் வெளியே வரவில்லை.

4. அழித்த பெயர்கள்

விண்டோஸைப் புதிதாக ஏற்றி, அப்டேட் முடித்து, தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத ஒரு கணக்கைப் போட்டேன். மெயில் பாஸ்வேர்டை அவர் போனிலிருந்தே மாற்றி, நுழையும்போது போனிலும் ஒருமுறை அனுமதி கேட்கிற மாதிரி வைத்தேன். தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுத்து, "எடுத்ததும் வயரைக் கழட்டி அலமாரியில வைங்க, மாட்டியே வச்சா அதுவும் சேர்ந்து மாட்டிக்கும்" என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கோப்புகளைத் திருப்பி ஏற்றும்போது பழையவையும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. என் தங்கையின் பெயரும் அதில் வந்தது. அவளுக்குக் கல்யாணமாகி மூத்த பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

"கல்யாணம் ஆனவங்களுது இன்னும் ஏன்கா வச்சிருக்கீங்க?"

அவர் யோசித்தார். யாரும் அதுவரை கேட்டதில்லை போல. "என்னமோ, அழிக்க மனசு வரல."

"இல்லாததை யாரும் எடுத்துட்டுப் போக முடியாதில்ல?"

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு மவுஸைத் தன் கையில் வாங்கினார். ஒவ்வொரு பெயரிலும் நின்று, ஆள் இப்போது எங்கே என்று எனக்குச் சொன்ன பிறகே அழித்தார். "இவ ஈப்போல இருக்கா, ரெட்டைப் புள்ள." அழித்தார். "இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டரிங் பண்றாங்க." அழித்தார். "இது ஒத்து வரல, ஆனா இப்ப ரெண்டு பேருமே நல்லா இருக்காங்க." அதையும் அழித்தார்.

அதுவரை கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்றால் எனக்குப் பூட்டு போடுகிற வேலைதான். இப்போது யார் பெட்டியைக் கொண்டு வந்தாலும் பாஸ்வேர்டுக்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கிறேன். இதற்குள் யாருடைய விஷயமெல்லாம் இருக்கிறது? அதில் எது இன்னும் உங்களுக்குத் தேவை? நிறைய பேருக்கு முதல் கேள்விக்கே பதில் தெரிவதில்லை. உட்கார வைத்து, சேர்ந்து தேடிப் பார்க்கிறேன்.