பொன்னாடைக்குப் போன நன்கொடை

மறதிநோயாளிகளுக்கு உதவும் தேனி அறக்கட்டளை ஒன்றுக்கு மாதந்தோறும் நன்கொடை கொடுத்துவந்தேன். என் மனைவிக்கும் அந்த நோய்தான். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள அவர்கள் அனுப்பிவந்த பெண்ணைத் திடீரென நிறுத்திவிட்டார்கள். நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது மனைவி தனியே, லாரிகள் பறக்கும் கம்பம் ரோடு வரை நடந்து போய்விட்டாள்; தேடிப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அதே வாரம் நன்கொடையாளர் பாராட்டு விழா. ஏசி மண்டபம், வாசலில் எங்கள் முகங்கள் போட்ட பிளெக்ஸ், மேடையில் நாற்பத்தொரு பொன்னாடை. எனக்குப் போர்த்த வந்த செயலாளரிடம் கேட்டேன்:

“அந்தப் பொண்ண ஏன்யா நிறுத்துனீக?”

“நிதி பத்தலைங்கய்யா.”

“இம்புட்டுத் துணி எடுக்க மட்டும் பத்துச்சாக்கும்?”

“பெரியவுக கோவப்படாதீக, கேமராவப் பாருங்க” என்று தோளைப் பிடித்துத் திருப்பினார்.

மறுநாளே நன்கொடையை நிறுத்தினேன். அந்தப் பணத்துக்கு அந்தப் பெண்ணையே நேரில் பேசி வரவழைத்தேன். இப்போது நான் நிம்மதியாக மருந்துக்கடைக்குப் போய்வருகிறேன்.