மருமகன் நிற்கையில் கேட்ட கேள்வி

கண்ணாத்தாளை எங்கள் மணமேல்குடிப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. நடவு வயலில் அவள் வாயைத் திறந்தால், வரப்பில் வருகிற ஆம்பளைகள் வேறு வழி பார்த்துப் போவார்கள். அப்பேர்ப்பட்டவள், மருமகன் எழிலரசன் வந்தால் மட்டும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள். நேருக்கு நேர் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது எங்கள் பக்கத்து மரியாதை. யார் என்ன சொன்னாலும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குடல் முறுக்கிக்கொண்டு அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. மகள் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. அதனால் கூட இருக்கப் பக்கத்து வீட்டுக்காரி நான், மருந்து மாத்திரைக்கு அலைய எழிலரசன்.

காலையில் டாக்டர்கள் வந்ததும் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். எழிலரசனும் கிளம்பினான். "வெவரம் கேட்டுக்க ஆம்பளை ஒருத்தர் நில்லுங்க" என்று நர்ஸம்மா அவனை நிறுத்திவிட்டார். ஆபரேஷன் படிக்கிற டாக்டர் வெளியூர்க்காரர், நல்ல பிள்ளைதான். வார்டுக்கே கேட்கிற மாதிரி, "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்றார்.

கதவு வழியாகப் பார்த்தேன், கண்ணாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். காற்றுப் பிரிந்தால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அவள் குடித்து முடித்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள்.

"நெசமாவே பிரிஞ்சுச்சாடி?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்குடி தலைய ஆட்டுன?"

"மருமகப்புள்ள நிக்கையில அதயா பேசச் சொல்ற? அதுக்குச் செத்தே போயிரலாம்."

"ஊரையே ஏலம் போட்ட வாய், இங்க வந்துதானா ஒனக்குப் பூட்டிக்கிச்சு?"

டாக்டரிடம் ஓடினேன். "ஐயா, மருமகன் நிக்கையில அவ நெசத்தச் சொல்ல மாட்டா. அந்தத் தம்பிய அங்கிட்டு அனுப்பிட்டு இன்னொருக்காக் கேளுங்க."

அவர் சிரித்தார். "மருமகன்னா மகன் மாதிரிதானேம்மா? அவங்களே ஆமான்னுட்டாங்க."

பொழுது சாய்வதற்குள் வயிறு தவிலாட்டம் உப்பி, குடித்த கஞ்சியெல்லாம் பச்சையாக வாந்தியில் வந்தது. மறுபடியும் ஆபரேஷன் என்றார்கள். தள்ளுவண்டியின் தலைமாட்டை எழிலரசன் பிடித்திருந்தான். டாக்டர் குனிந்து, "இப்பவாவது உண்மையச் சொல்லுங்கம்மா. பிரிஞ்சுதா, இல்லயா?" என்றார்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிரிந்தது என்றே மறுபடியும் தலையை ஆட்டினாள்.

"இல்லய்யா, பிரியல! சத்தியமா பிரியல!" என்று நான் கத்தினேன்.

"ரெண்டு பேருல யார் சொல்றத நான் நம்புறது?" என்றார். பதிலுக்கு அவர் நிற்கவில்லை. வண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.