நிலாவில் இரண்டு காது

தாத்தாவின் அண்ணன் வேலாயுதம் மலாக்கா சர்வே ஆபீசில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவர். ஜப்பான்காரன் வந்ததும் தப்பி ஓடிய வெள்ளைக்காரத் துரையின் தொலைநோக்கி காஜா பெராங்கில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நாற்பத்து மூன்றில் ஒரு சாயங்காலம், கொல்லையில் நின்று முக்கால் நிலாவில் முயலைத் தேடினார். வெறும் கண்ணுக்குத் தெரிகிற முயல் தொலைநோக்கியில் காணாமல் போயிருந்தது. அகப்பட்டது ஒரு பழைய பள்ளம்தான். கரை தேய்ந்து, இடிந்த குளம் போலக் கிடந்தது. கரைமேல் இரண்டு சின்னப் பள்ளங்கள். சுற்றிலும் வழவழப்பான சமவெளி.

வேலியோரம் ஒரு ஜப்பானியச் சிப்பாய் வந்து நின்றான். தொலைநோக்கி வைத்திருப்பவன் உளவாளி என்று தலையை வெட்டிய காலம் அது.

"நிலாவத்தான் பாக்குறேன்னு சொல்லுங்களேன்லா!" என்று பதறினாள் அவர் மனைவி அன்னம்.

சொன்னார். சிப்பாய் தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்த்தான். "ஆர்னாப் மானா?" என்று உறுமினான். முயல் எங்கே என்று மலாயில் கேட்கிறான்! அவன் ஊர் நிலாவிலும் முயல்தான் போலிருக்கிறது.

முயல் இல்லை என்று சொன்னால், பிறகு எதைப் பார்த்தாய் என்பான். பௌதிகம் படித்த நானாக இருந்தால் அவனுக்குப் பாடம் எடுத்து மாட்டிக்கொண்டிருப்பேனோ என்னவோ. அவர் அந்தப் பள்ளத்தின் பக்கம் குழாயைத் திருப்பி, கரைமேல் இருந்த இரண்டையும் காட்டி, "அதோ காது, துவான்" என்று மரியாதையாகச் சொன்னார்.

சிப்பாய் சிரித்துவிட்டான். குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தான்.

"நாளைக்கு வால் எங்கேன்னு கேட்டு வருவான், என்ன காட்டுவீங்க?" என்றாள் அன்னம்.

"அதுக்குள்ள இதப் பொதைச்சிடுறேன், மண்வெட்டிய எடு."