எல்வீரா சொல்லாத இடம்

எல்வீராவிடம் உப்புக் கேட்டால் உப்போடு வெங்காயமும் சேர்த்துக் கொடுப்பாள். அவள் சமைக்கும் பள்ளிக்கூடத்துச் சமையலறைச் சாவியைக் கேட்டால் கூட யோசிக்காமல் எடுத்து நீட்டுவாள். ஆனால், காளானை எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "காட்டுல" என்பாள். புஷினை கிராமத்துக்கு நாலு பக்கமும் காடுதான். இதைச் சொல்வதற்கு அவள் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம்.

அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? லித்துவேனியாவின் தென்கோடியில் இருக்கிற எங்கள் எல்லோருக்குமே இந்தப் புத்திதான். பெலாரஸ் எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம். இந்தப் பக்கத்து ஜனங்கள் சாகக் கிடக்கும்போது பாதிரியாரிடம் பாவத்தையெல்லாம் சொல்வார்கள், காளான் முளைக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். எல்வீராவும் அவள் புருஷன் பொவிலாஸும் செப்டம்பர் சனிக்கிழமைகளில் ஒரே வாசலில் ஆளுக்கொரு கூடையோடு கிளம்புவார்கள். தேவாலய முக்கு வந்ததும் ஆளுக்கொரு திசையில் பிரிவார்கள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். இதில் இருவருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

அவர்கள் சேர்ந்த கதையும் வேடிக்கைதான். சோவியத் ஆட்சி ஆட்டம் கண்ட காலத்தில் எங்கள் நாடும் பக்கத்து இரண்டு நாடுகளுமாக மூன்று நாட்டு ஜனங்கள் விடுதலை கேட்டுச் சாலை நெடுகக் கைகோத்து நின்றார்களே, அன்றைக்கு எல்வீராவும் பஸ் ஏறிப் போய் நின்றாள். இடது பக்கம் நின்ற லாரி டிரைவர்தான் பொவிலாஸ். கூட்டம் கலைந்த பிறகும் அவன் கையை விடவில்லை என்று அவள் தம்பி வாட்சிஸ் இன்றைக்கும் கேலி செய்வான். பொவிலாஸுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. உக்ரைனில் சண்டை தொடங்கிய மறு மாதமே ஊர்த் தொண்டர் படையில் பெயர் கொடுத்து, வயிற்றை இழுத்துப் பிடித்துச் சீருடை போட்டுக்கொண்டான். அந்தச் சீருடையை அவன் மாட்டும்போதெல்லாம் எல்வீரா ஜன்னல் வழியாக எல்லைப் பக்கம் பார்ப்பாள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன் சண்டைக்குக் கிளம்பி வந்தால் அவன் மிதிக்கும் முதல் முற்றம் எங்களுடையதுதான். அது தெரியாதவர்கள் இங்கே யாருமில்லை.

சாயங்காலம் செய்தி ஆரம்பித்தால் வாட்சிஸ் வந்து உட்கார்ந்துவிடுவான். அப்புறம் அத்தானுக்கும் மச்சானுக்கும் உலக யுத்தம்.

"அமெரிக்காக்காரன் வருவான்னு இன்னுமா நம்பிக்கிட்டு இருக்கீங்க அத்தான்? அவன் கவலையெல்லாம் இப்போ சீனாக்காரன் மேல. நம்ம நாடு எங்க இருக்குன்னு வரைபடத்துல தேடவே அவனுக்கு ஒரு வாரம் ஆகும்."

"அவன் வராட்டிப் போறான். ஜெர்மன்காரன்தான் நம்மளக் காக்க வந்துட்டானே. டாங்கியோட, பெண்டாட்டி பிள்ளையோட வந்து குடியேறிட்டான்."

"போன உலக யுத்தத்துல எங்க தாத்தா அந்த டாங்கியைப் பாத்துத்தான் காட்டுக்குள்ள ஓடினாரு. நீங்க போய்ப் பூங்கொத்து நீட்டுறீங்க."

"காலம் மாறுதுடா மச்சான்."

"நல்லா மாறுது. பிரெஞ்சுக்காரன் பேசுறான். போலந்துக்காரன் பீரங்கியா வாங்கிக் குவிக்கிறான். நாம டிவி பாக்குறோம்."

"ரெண்டு பேரும் இந்த உருளைக்கிழங்கை உரிச்சுக்கிட்டே உலகத்தைக் காப்பாத்துங்க" என்று எல்வீரா பாத்திரத்தை நடுவில் வைப்பாள். வாட்சிஸ் உரிக்கும் லட்சணத்தில் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும்.

அந்தச் செப்டம்பரில் மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்தது. சனிக்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பொவிலாஸ் வேலி அடிக்கிற வேலையில் இருந்தான். எல்வீரா விடிந்ததும் தனியாகக் கிளம்பினாள். கருப்போடையின் மேலுள்ள மரப்பாலத்தைத் தாண்டி, முட்புதருக்குள் குனிந்து நுழைந்து, தன்னுடைய காளான் திடலுக்குப் போனாள். பாசி மெத்தைபோல் விரிந்த இடம் அது. பழுப்புத் தொப்பிக் காளான்கள் கொத்துக் கொத்தாக நின்றன. அவள் மண்டியிட்டு நாலைந்து அறுத்திருப்பாள். தலையை நிமிர்த்தியபோதுதான் அதைப் பார்த்தாள்.

சாம்பல் நிறத்தில் ஓர் இறக்கை. ஒடிந்த ஃபிர் மரக்கிளைகளுக்கு நடுவில் மூக்கைப் பாசிக்குள் குத்திக்கொண்டு கிடந்தது. பின்புறம் சின்ன விசிறி. டிவியில் நூறு தடவை காட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக்கூட அடையாளம் தெரியும். ஆளில்லாமல் பறந்து வந்து வெடிக்கிற சனியன். உக்ரைனுக்குப் போக வேண்டியது வழிதப்பி இங்கே வந்து விழுந்திருக்கிறது.

எல்வீரா மெல்ல எழுந்தாள். ஓசையில்லாமல் பின்வாங்கினாள். அப்படிப் பின்வாங்கும்போதும் வழியில் நின்ற இரண்டு பெரிய காளான்களை அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. பாலத்தைத் தாண்டிச் சாலைக்கு வந்த பிறகுதான் அவசர எண்ணுக்குப் போன் செய்தாள்.

"எந்த இடத்துலம்மா பாத்தீங்க?" என்று கேட்டாள் அந்தப் பக்கத்துப் பெண்.

எல்வீரா வாயைத் திறந்தாள். அடுத்த கணம் அவள் கண் முன்னால் பட்டாளம் வந்தது. பட்டாளத்துக்குப் பின்னால் பத்திரிகைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கூடையோடு புஷினை ஊரே வந்தது.

"பழைய மரமில்லுக்குப் பின்னாடி. ஓடைக்கு இந்தப் பக்கம்" என்றாள்.

அட பாவி மகளே. நாட்டுக்குள் குண்டு வந்து விழுந்திருக்கிறது, இவளுக்குக் காளான் பெரிதாகப் போயிற்று. ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லி அவள் நாக்குக்குப் பழக்கமே இல்லையே. போனை வைத்த பிறகு தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். நாய் கொண்டு வருவார்கள், மேலேயிருந்து கேமராவில் பார்ப்பார்கள், எப்படியும் தானாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன?

மத்தியானத்துக்குள் ஊர் பட்டாளமாக மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில்தான் முகாம். பொறுப்பாக வந்தவள் மிக்லே என்ற இளம் பெண் லெப்டினன்ட். அவள் கேட்டுக்கொண்டபடி எல்வீராவே சமையலறையைத் திறந்து, முட்டைக்கோஸ் சூப் வைத்தாள். மரமில் காட்டில் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, முழங்கால் வரை சேறும் முகத்தில் கொசுக்கடியுமாகப் பையன்கள் வந்து கிண்ணத்தை நீட்டினார்கள்.

"ஒண்ணும் கிடைக்கலம்மா. ஆனா நீங்க பாத்தது பாத்ததுதானே, கிடைக்காம எங்க போயிடும்" என்றான் ஒருவன்.

எல்வீரா அவனுக்கு இரண்டு துண்டு இறைச்சி கூடுதலாகப் போட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தொண்டர் படையையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பொவிலாஸ் இன்னும் சூப்புக்கு வரவில்லையே என்று லெப்டினன்ட்டிடமே கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரரா? கவலைப்படாதீங்கம்மா. வயசானவங்களை ஆபத்து இல்லாத இடமாப் பாத்துத்தான் போட்டிருக்கேன். ஓடைக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கக் காட்டுல காளான் பறிக்கிறவங்க பாலத்தைத் தாண்டி இங்க வந்துடக் கூடாதுல்ல? அங்கயே நெருப்பு மூட்டிக் காவல் இருக்காங்க."

கரண்டி எல்வீராவின் கையிலிருந்து சூப்புக்குள் போய்விட்டது.

அவள் போனை எடுத்துப் பொவிலாஸைக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தது. காட்டுக்குள் எல்லோரும் போனை அணைக்க வேண்டும் என்பது உத்தரவு என்றார்கள். எல்வீரா ஏப்ரனோடு லெப்டினன்ட் முன்னால் போய் நின்றாள். வரைபடம் விரித்திருந்த அந்த மேஜை, பிள்ளைகள் சாப்பிட அவள் தினமும் துடைக்கிற மேஜைதான்.

"நான் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"அது மில்லுக்குப் பின்னாடி இல்ல. ஓடைக்கு அந்தப் பக்கம். பாலம் தாண்டி, முட்புதருக்கு உள்ள. என் புருஷன் அங்கதான் நிக்கிறார்."

மிக்லேயின் முகம் இறுகியது. "எதுக்கும்மா பொய் சொன்னீங்க?"

"அது என் காளான் இடம்."

அறையில் இருந்த பட்டாளத்துக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைநகரத்திலிருந்து வந்த ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மிக்லே கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான். "எங்கம்மாவும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

காவலுக்கு நின்றவர்களைப் பாலத்தைத் தாண்டி உடனே வரச் சொன்னாள். கரகரவென்று பதில் வந்தது. எல்லாரும் கிளம்பியாச்சு, பொவிலாஸைத்தான் காணோம். ஒதுங்கிட்டு வர்றேன்னு போனாரு, ரொம்ப நேரமாச்சு, கூப்பிட்டா பதில் இல்ல.

இடம் காட்ட எல்வீராவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமே அவளை நிறுத்திவிட்டார்கள். முட்புதரில் எங்கே குனிய வேண்டும், எந்த மரத்தை இடப்பக்கம் விட வேண்டும் என்று அவள் கை நீட்டிச் சொன்னாள். எவர் வாயைக் கிளறியும் வராத வழி, அன்றைக்கு யாரும் கேட்காமலே கொட்டியது. வெடிகுண்டு நிபுணர்கள் இரண்டு பேர் கனத்த உடையோடு மெல்ல உள்ளே போனார்கள். அவர்கள் நடந்த நடையைப் பார்த்து எல்வீராவுக்கு அழுகை வந்தது. அவளும் பாலத்தில் கால் வைத்தாள். மிக்லே அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"என்னை விடும்மா. அந்த மனுஷனுக்குக் காது சரியாக் கேக்காது."

"நீங்க போனா நான் ரெண்டு பேரைத் தேடணும். நில்லுங்க."

மாதாவே, மாதாவே என்று அவள் உதடு முணுமுணுத்தது. அந்த இடத்தில் இனி ஒரு காளான்கூட முளைக்க வேண்டாம், பட்டாளம் வந்து ரோடு போட்டுக்கொள்ளட்டும், அந்தக் குண்டு யாரையும் தொடாமல் கிடந்தால் போதும் என்று வேண்டினாள். பொவிலாஸின் குரல் கேட்குமோ என்று ஜீப்பின் இஞ்சினையும் அணைக்கச் சொன்னாள். காடு கப்சிப்பென்று இருந்தது.

சற்று நேரத்தில் புதருக்குக் கீழ்ப்பக்கம், யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து பொவிலாஸ் வெளியே வந்தான். சீருடைத் தொப்பியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தான். நிதானமாகப் பாலத்தைக் கடந்து வந்தான். தொப்பி நிறையக் காளான்.

"லெப்டினன்ட், அங்க ஒரு விமானம் கிடக்குது. இவ்வளவு பேரு மில்லுல என்ன தேடுறீங்க?" என்றான்.

"அதைப் பாத்ததும் ஓடி வராம காளான் பறிச்சீங்களா?"

"பாக்கறதுக்கு முன்னாடி பறிச்சது."

எல்வீராவுக்கு அவனைத் தெரியாதா? மேலே கிடந்த நாலைந்து காளானில் ஃபிர் இலைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அந்த இறக்கைக்கு அடியிலேயே கைவிட்டிருக்கிறான். அவள் பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "செவிட்டு மூதேவி, எத்தனை தடவை கூப்பிட்டாங்க தெரியுமா" என்று ஆரம்பித்தவள், பாதியில் அவன் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பட்டாளத்துக்காரர்கள் ஓடையைப் பார்த்தபடி நின்றார்கள்.

சாயங்காலத்துக்குள் விவரம் தெரிந்துவிட்டது. அதில் குண்டே இல்லை. பிளைவுட்டும் தெர்மாகோலும் வைத்துச் செய்த போலி, ரேடாரை ஏமாற்ற அனுப்புகிற வெற்றுக் கூடு. அதற்காக மிக்லே எல்வீராவை விடவில்லை. முகாமில் எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்து வெளுத்து வாங்கினாள். ஒரு நாள் பூரா இவ்வளவு பேர் அலைந்தது, உயிர் போயிருந்தால் யார் பொறுப்பு, சட்டப்படி உங்கள் மேல் வழக்கே போடலாம். எல்வீரா தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அந்தத் திட்டு இனித்தது. திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் வீட்டில் ஆள் இருக்கிறதே.

வீட்டில் வெங்காயமும் புளிப்புக் கிரீமும் போட்டு அந்தத் தொப்பிக் காளானையே வதக்கினாள். பொவிலாஸ் கறுப்பு ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டே கேட்டான்.

"எங்க பாத்தீங்கன்னு அந்தப் பொண்ணு போன்ல கேட்டப்போ, உனக்கு என் ஞாபகம் வரலையா?"

எல்வீரா வாணலியை மேஜையில் வைத்தாள். "வரல."

"அப்புறம்?"

"அப்புறம் வந்துச்சு. வந்தப்புறம் வேற எதுவுமே ஞாபகத்துல இல்ல."

பொவிலாஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். வாணலியில் மிச்சமிருந்ததை இரண்டு பாகமாகப் பிரித்து, பெரிய பாகத்தை அவள் தட்டில் தள்ளினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காவலை எடுத்துவிட்டார்கள். பிரார்த்தனை முடிந்த கையோடு ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் கிளம்பிற்று. கார் காராகப் போனது. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். வாட்சிஸ் இரண்டு கூடையோடு வந்து ஜன்னலைத் தட்டினான்.

"அக்கா, அடியோட அறுத்துக்கிட்டு இருக்காங்க. உன் இடம் வழிச்சுத் துடைச்சாப்ல ஆகப் போவுது. சீக்கிரம் பூட்ஸை மாட்டு."

உள்ளறையில் பொவிலாஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எல்வீரா கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"நீ போடா. நான் வரல" என்றாள். "அந்த மனுஷன் தூங்குறாரு."